பூங்காவனம்னு இங்கே யாரும் இல்லை

செவ்வாய்க்கிழமை காலை. ஒரு கையில் காபி, இன்னொரு கையில் போன். வாட்ஸ்அப்பில் ஓர் அட்டைப்படம் வந்து விழுந்தது – நான் எழுதி முடித்துக் கொடுத்திருந்த புத்தகத்தின் அட்டை.

ஜன்னல் கம்பி. கம்பிக்கு இந்தப் பக்கம், நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பெண். துப்பட்டா பறக்கிறது. (இந்த மாதிரிப் புத்தகங்களில் துப்பட்டாவுக்கு மட்டும் எங்கிருந்தாவது காற்று கிடைத்துவிடுகிறது.) மேலே தங்க எழுத்தில் தலைப்பு. கீழே ஆசிரியர் பெயர்: சீமா. அதற்கும் கீழே பொடி எழுத்தில், உடன் எழுதியவர் என்று என் பெயர்.

கூடவே எடிட்டரின் மெசேஜ்: 'லவ் இட்?' மூன்று சிவப்பு இதயங்கள்.

காபி ஆறிவிட்டது. நான் இன்னும் ஆறவில்லை. அதனால்தான் இந்த வாரம் டெல்லிக் குளிரைப் பற்றி எழுதுவதாக இருந்ததை ஓரம் கட்டிவிட்டு இதை எழுதுகிறேன்.

இந்தப் பக்கத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் பத்திரிகைக்காரி. இப்போது பிறரோடு சேர்ந்து இரண்டு வகைப் புத்தகங்கள் எழுதுகிறேன். ஒன்று, பெரிய கொடுமையிலிருந்து மீண்டு வந்தவர்களின் வாழ்க்கைக் கதை. அவர்கள் சொல்வார்கள், நான் எழுதுவேன். இன்னொன்று, கிரைம் த்ரில்லர். ஓய்வு பெற்ற போலீஸ் அதிகாரி ஒருவர் கேஸ் சொல்வார், நான் கொலை செய்வேன்.

'காலையில் கண்ணீர், சாயங்காலம் ரத்தம்... எப்படி மேடம் முடிகிறது?' என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். ஒரே நாற்காலிதான். ஒரே மின்விசிறிதான். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. த்ரில்லரில் நான் எதை வேண்டுமானாலும் மாற்றலாம். பிணத்தை ஹாலிலிருந்து பால்கனிக்கு நகர்த்தலாம். மற்றதில் ஒரு டீ டம்ளரைக்கூட நகர்த்த முடியாது. அது அவர்கள் குடித்த டீ.

இந்தப் புத்தகத்தைச் சொன்னவரின் பெயர் பூங்காவனம்.

கள்ளக்குறிச்சிப் பக்கம். கல்யாணமாகி டெல்லி வந்தவர். ஜங்புராவில், மதராசி கேம்ப் என்ற தமிழர் குடிசைப் பகுதியில் குடித்தனம். புருஷன் இறந்த பிறகு ஓர் ஏஜென்ட் வந்தான். வீட்டோடு தங்கி வேலை, நல்ல இடம், வாரம் ஒரு நாள் வீட்டுக்கு வரலாம் என்றான். சின்னப் பெண்ணைத் தம்பியிடம் விட்டுவிட்டு அவன் பின்னால் போனார் பூங்காவனம். தெற்கு டெல்லியில் ஓர் அப்பார்ட்மென்ட். ஆறாவது மாடி. அன்றைக்கு அவருக்காகத் திறந்த கதவு, அப்புறம் பல வருஷம் அவருக்காகத் திறக்கவில்லை.

முதல் நாளே வீட்டுக்காரம்மா பெயரைக் கேட்டாராம். இவர் சொல்லியிருக்கிறார்.

'இத்னா லம்பா? ஆஜ் ஸே தூ சீமா!'

இவ்வளவு நீளமா, இன்றிலிருந்து நீ சீமா. முடிந்தது பெயர்சூட்டு விழா. அதற்கு முன்னால் அங்கே வேலை செய்தவளும் சீமாதானாம். அதற்கும் முன்னால் இருந்தவளும் சீமா. துடைப்பத்தைப் போல, பக்கெட்டைப் போல, பெயரும் அந்த வீட்டுச் சாமான். ஆள்தான் மாறும்.

இந்த ஊரில் இது யாருக்கும் தப்பாகவே படுவதில்லை. நாய்க்குப் பெயர் வைக்க வாட்ஸ்அப் குரூப்பில் ஓட்டெடுப்பு நடத்துகிற குடும்பங்களை எனக்குத் தெரியும். அதே வீட்டில் பாத்திரம் தேய்க்கிற பெண்ணின் பெயரைக் கேட்டுப் பாருங்கள்... 'சீமாவோ, ரீமாவோ, என்னவோ.'

சரி, பெயரில் என்ன போயிற்று என்கிறீர்களா? பெயரில்தான் எல்லாமே போயிற்று.

வாரம் ஒரு நாள் வருகிறேன் என்று போன அக்கா வரவே இல்லை. ஏஜென்ட்டின் போன் உயிரோடு இல்லை. கட்டடம் எது என்று மட்டும் தம்பிக்குத் தெரியும். எந்த வீடு என்று தெரியாது. அக்காவின் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டில் போய் நின்றிருக்கிறார். பூங்காவனத்தைப் பார்க்க வேண்டும் என்றிருக்கிறார்.

'பூங்காவனம்னு இங்கே யாரும் இல்லை' என்றார் செக்யூரிட்டி.

அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்து ஆறாவது மாடியில் இருந்தவள் சீமா. தம்பி மறுபடி போனார். மறுபடியும் அதே பதில். பிறகு போகவில்லை. அந்தக் குழந்தை, அம்மா தன்னை விட்டுவிட்டு எங்கோ போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டே வளர்ந்தது. அம்மா அதே கட்டடத்தில், கேட்டுக்கு நேர் மேலே, யாருக்கோ சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே எப்படி வந்தார்? ஒரு மத்தியானம். சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனை ரிப்பேருக்குக் கழற்றிப் போயிருந்தார்கள். சுவரில் ஒரு வட்ட ஓட்டை. ஒரு தட்டு அளவு வானம். அந்த ஓட்டை வழியாகப் பின்பக்கப் படிக்கட்டிலிருந்து ஒரு குரல் வந்தது – படி கூட்டுகிற பெண், போனில் யாரையோ தமிழில் திட்டிக்கொண்டிருந்தாள்.

பூங்காவனம் ஸ்டூல் போட்டு ஏறினார். ஓட்டையில் வாயை வைத்தார். 'காப்பாத்துங்க' என்று கத்தவில்லை. தன் பெயரைக் கத்தினார். பெயர், ஊர், தம்பி பெயர். திரும்பவும் பெயர், ஊர், தம்பி பெயர்.

'ஏன்க்கா அப்படி?' என்று கேட்டேன்.

'காப்பாத்துன்னா யாரக் காப்பாத்துறது? இந்த ஊர்ல தெனம் ஆயிரம் பேரு கத்துறான். பேரச் சொன்னாத்தானம்மா தேடிக்கினு வருவாங்க.'

வந்தார்கள். படி கூட்டிய பெண் அந்தப் பெயரை அன்று மாலையே கேம்ப்புக்குக் கொண்டு போனாள். மறுநாள் தம்பியோடு போலீஸ் வந்தது. ஆறாவது மாடிக் கதவு திறந்தது.

ஒரு மனுஷியைப் பூட்டி வைத்தது சீமா என்ற பெயர். வெளியே கொண்டுவந்தது பூங்காவனம் என்ற பெயர். இதை நான் மூன்றாம் அத்தியாயத்தில் எழுதியிருக்கிறேன். அதைப் படித்த பிறகுதான் அந்த அட்டை தயாராகியிருக்கிறது.

எடிட்டருக்குப் போன் போட்டேன். ரியா. சின்னப் பெண், நல்ல படிப்பு, நல்ல குரல். அவள் இங்கிலீஷில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

'ரியா, அட்டையில் இருக்கிற பெயர்...'

'பெயரை மாத்தறது நம்ம பிராக்டீஸ் மேடம். அவங்க பாதுகாப்புக்குத்தான்.'

'அவங்க கேட்கலையே. கேஸ் முடிஞ்சாச்சு. அசல் பெயர் போட சட்டத்தில் தடை எதுவும் இல்லைன்னு வக்கீலும் சொல்லியாச்சு. மெயில் பண்ணியிருந்தேனே?'

'பார்த்தேன் மேடம். ஆனா சீமா ரொம்ப ஆர்கானிக். மேனுஸ்கிரிப்ட்லயே இருக்கு. ஷார்ட்டா இருக்கு.'

'அது யார் வெச்ச பெயர்னு படிச்சியா?'

'படிச்சேன் மேடம். ரொம்ப பவர்ஃபுல். அதான் மனசுலயே நின்னுடுச்சு.'

என்ன சொல்வீர்கள்? போனை வைத்துவிட்டு ஜன்னலைத் திறந்தேன். டெல்லியின் நவம்பர் உள்ளே வந்தது... சாம்பல் நிறத்தில், கரித்துணியால் முகம் துடைத்தது போல. ஜன்னலை மூடினேன். எதைத் திறந்தாலும் புகை.

இதே பதிப்பகம்தான் எங்கள் த்ரில்லர்களையும் போடுகிறது. போன புத்தகத்தில் வில்லனுக்குப் பெயர் வைக்க என்ன பாடு பட்டோம் தெரியுமா? மீட்டிங் மேல் மீட்டிங். எந்த ஜாதிக்காரர் மனமும் நோகக்கூடாது, எந்த மாநிலத்துக்காரரும் கேஸ் போடக்கூடாது, ஆனால் கேட்டதும் பயமும் வர வேண்டும். பிறக்காத ஒரு கொலைகாரனுக்கு அத்தனை மரியாதை. நம் போலீஸ்காரரும் தன் பங்குக்கு, 'என் மச்சினன் பேர மட்டும் வச்சிராதீங்கம்மா. பொருத்தமாத்தான் இருக்கும், ஆனா வீட்ல சோறு கெடைக்காது' என்றார்.

அவருக்கும் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். திருநெல்வேலிக்காரர். முப்பது வருஷ டெல்லி சர்வீஸும் அவர் ஊர்ப் பேச்சை அசைக்கவில்லை.

'எங்க ஸ்டேஷனுக்கு எவன் வந்தாலும் முதல் கேள்வியே பேர்தாம்மா. பேர் இல்லாம வாரது பொணம் மட்டுந்தான். அந்தப் பொம்பள உசுரோடல்லா இருக்கா?'

'இடம் இல்லை, நீளமான பேர்னு சொல்லுவாங்க சார்.'

'அப்ப என் பேரு எப்படி உள்ள போச்சு? பதவி, பதக்கம், ரிட்டயர்டுன்னு அரை அட்டைக்கு அடிச்சிருக்கானே. நான் எழுதுனது ஒத்த வரி கெடையாது! இந்தா, அடுத்த கதைய நிப்பாட்டுங்க. கொலகாரன் கொஞ்ச நாள் சும்மா இருக்கட்டும்.'

புதன்கிழமை பூங்காவனத்தைப் பார்க்கப் போனேன்.

எனக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு அத்தியாயத்தையும் எழுதி முடித்ததும் சொன்னவரிடமே போய் உட்கார்ந்து வாசித்துக் காட்டுவேன். நான் எழுதுவது இங்கிலீஷில். அதனால் பூங்காவனத்துக்கு அங்கேயே தமிழில் சொல்லிக்கொண்டு போவேன். அவர் வெங்காயம் உரித்துக்கொண்டோ, துணி மடித்துக்கொண்டோ கேட்பார். 'இது நான் இல்ல' என்று சொன்னால் அந்த வரி போய்விடும். விவாதம் கிடையாது. என்னுடைய எத்தனையோ அழகான வரிகள் இப்படிச் செத்திருக்கின்றன. 'என் இதயம் கூண்டுப் பறவையாகத் துடித்தது' என்று ஒரு தரம் வாசித்தேன். 'இதயமெல்லாம் ஒண்ணும் துடிக்கல. முட்டி வலிச்சுது' என்றார். முட்டி வலித்தது என்றுதான் புத்தகத்தில் இருக்கிறது.

பதிப்பகத்திலிருந்து ஒரு முறை, உடம்பில் சூடு கீடு போட்டார்களா, வாசகர்களுக்கு மனதில் நிற்கிற மாதிரி ஒரு காட்சி வேண்டும் என்று கேட்டார்கள். அதையும் இவரிடம் கேட்டேன்.

'இல்லியே. ரெண்டு மூணு வாட்டி அறைஞ்சாங்க. சூடெல்லாம் போடல... ஏன், வெளிய விடாம வெச்சிருந்தது போதாதாமா அவங்களுக்கு?'

போதாது அக்கா. நம் வாசக மகாஜனங்களுக்குத் தழும்பு வேண்டும். பூட்டு தெரியாது, கதவு தெரியாது, காயம் தெரியும்.

கேம்ப்பை அரசாங்கம் இடித்துத் தள்ளிய பிறகு அவர் மகளோடு அதே பக்கத்தில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கிறார். மகள் ஒரு கிளினிக்கில் ரிசப்ஷனிஸ்ட். நான் போனபோது வேலைக்குப் போயிருந்தாள். அட்டைப்படத்தைப் போனில் காட்டினேன். பூங்காவனம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

'யாரும்மா இது?'

'நீங்கதான்க்கா.'

'நானா? துப்பட்டா போட்டுக்கினா?' சிரித்தார். 'இது என்னா, ஜன்னலா? ஜன்னல் ஏது அங்க? நான் படுத்த ரூமுக்கு ஜன்னலே கெடையாதே. இவ்ளோ பெரிய ஜன்னல் இருந்திருந்தா, எவ வந்து போவா எவ வந்து போவான்னு பாத்து, ஊரையே கூட்டியிருக்க மாட்டேன்?'

அவருக்குத் தமிழ் எழுத்து தெரியும். இங்கிலீஷ் தெரியாது. விரலைத் தங்க எழுத்தின் மேல் வைத்தார்.

'என் பேரு இதா?'

'அது தலைப்பு.'

விரல் கீழே இறங்கியது.

'இது?'

வாசித்துக் காட்டுவதுதானே என் வழக்கம். வாசித்துக் காட்டினேன்.

குக்கர் ஒரு விசில் அடித்தது. எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். குரல் உயரவே இல்லை.

'வீடு போச்சு. ரேஷன் கார்டுல இருந்த விலாசம் போச்சு. சரி, சர்க்காரு. எல்லார்க்கும் போச்சு, எனக்கும் போச்சு. இது எனக்கு மட்டும் இருக்கறதும்மா. அன்னிக்கு எம் பொண்ணு மாமன் கையப் புடிச்சிக்கினு கேட்ல நின்னு கேட்ட பேரு. இல்லன்னுட்டாங்க. அதுக்குத் தமிழு அவ்வளவா படிக்க வராது, இங்கிலீசு படிக்கும். ஒரு எடத்துல, அச்சுல, அந்தப் பேரு இருக்குன்னு அது பாக்கணும். அதுக்குத்தான இவ்ளோவும் ஒன்கிட்ட ஒக்காந்து சொன்னேன்? இல்லன்னா மறந்துட்டு பேசாம இருந்திருப்பேனே.'

வழக்கமாக என்னை 'நீங்க' என்பார். அன்றைக்கு 'நீ' ஆகியிருந்தது. எனக்கு அது கௌரவமாகத்தான் பட்டது.

'அந்தப் பொண்ணோட ஆபீசு எங்க இருக்குது?'

'தரியாகஞ்ச்.'

'அச்சா. நாளைக்குப் போவோம்.'

போனோம். தரியாகஞ்ச் தெருவில் புத்தகப் பொட்டலங்கள் ரிக்‌ஷாவில் ஏறிக்கொண்டிருந்தன. பதிப்பகக் கட்டடத்தின் கீழே செக்யூரிட்டி நோட்டை நீட்டினார். என் பெயரை எழுதினேன். பூங்காவனம் பேனாவுக்குக் கை நீட்டினார். செக்யூரிட்டி நோட்டை இழுத்துக்கொண்டார். 'ஒருத்தர் பெயர் போதும்' என்று ஹிந்தியில் சொல்லிவிட்டு, என் பெயருக்குப் பக்கத்தில் அவரே எழுதினார்: +1.

பூங்காவனம் அதைப் பார்த்தார். படியேறினார்.

மேலே ரியா எழுந்து நின்று கைகூப்பினாள். தப்பு சொல்ல முடியாது, மரியாதையான பெண். ஆன்ட்டி என்றாள். பூங்காவனம் அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, தன் கேம்ப் ஹிந்தியில் ஆரம்பித்தார்.

'பேட்டா, தும்ஹாரா நாம் க்யா?'

'ரியா, ஆன்ட்டி.'

'மேரே கோ யாத் நஹீ ரஹேகா. ஆஜ் ஸே தும் முன்னி.'

எனக்கு ஞாபகம் இருக்காது, இன்றிலிருந்து நீ முன்னி. ரியா சிரித்தாள். ஆன்ட்டி கியூட் என்பது போல என்னைப் பார்த்தாள். பிறகு பேச்சு தொடங்கியது. கேட்டலாக் கடைகளுக்குப் போய்விட்டது மேடம். மார்க்கெட்டிங் ஒப்புக்கொள்ளாது மேடம். அந்தப் பெயர் வடக்கில் யார் வாயிலும் நுழையாது மேடம். புத்தகத்தின் முதுகில் அடங்காது மேடம்...

'முன்னி,' என்றார் பூங்காவனம் நடுவில். 'பானி லாவோ.'

ரியா பாதி எழுந்தேவிட்டாள். நாற்காலிக்கும் நிற்பதற்கும் நடுவில் அப்படியே நின்றாள். பக்கத்து மேசைகளில் டைப் அடிக்கும் சத்தம் நின்றுபோனது. அவள் காது மடல் இரண்டும் சிவந்தன.

'மேரா நாம் ரியா ஹை, ஆன்ட்டி.'

'ஹாம், பேட்டா,' என்றார் பூங்காவனம், ரொம்பப் பிரியமாக. 'மைனே பீ யஹீ போலா தா.'

நானும் இதையேதான் சொன்னேன், அந்த வீட்டில்.

தண்ணீரை ரியாவே கொண்டு வந்தாள். அந்தப் பெண்ணை நான் வில்லியாக்கப் போவதில்லை. த்ரில்லரில் செய்வேன், இங்கே முடியாது. 'பேசிப் பார்க்கிறேன்' என்று மெல்லச் சொன்னாள். ஆனால் அவள் வேலை அவளை விடவில்லை. டிராயரைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்து வைத்தாள். ஒப்பந்தம். புத்தகம் வெளிவர பூங்காவனத்தின் கையெழுத்து வேண்டும்.

'இங்கே அவங்க சொந்தப் பெயர்ல போடணும் மேடம். அசல் பெயர். ஆதார்ல இருக்கிற மாதிரியே. இல்லேன்னா செல்லாது.'

தமிழில் சொன்னேன். பூங்காவனம் காகிதத்தை ஒரு தரம் தடவிப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

'இந்தக் காகிதத்துல என் பேரு இல்லன்னா செல்லாதா?'

'செல்லாது.'

'அட்டையில இருந்தா விக்காதா?'

நான் மொழிபெயர்க்கவில்லை. தேவைப்படவில்லை. சில கேள்விகள் எந்த மொழியில் கேட்டாலும் மேசையில் வந்து விழும் சத்தம் ஒன்றுதான்.

காகிதத்தை மடிக்காமல், கசக்காமல், ரியா பக்கமாக நகர்த்தி வைத்தார். 'அட்டையில பாக்கறேன். பாத்துட்டு இதுல எழுதறேன்' என்றார். எழுந்தார்.

புத்தகம் வருமா? இதை எழுதும் வரை பதில் இல்லை. வராமலும் போகலாம். வருஷக்கணக்கில் ஒருத்தி சொன்னது, ஒருத்தி எழுதியது, என் கம்ப்யூட்டரில் கிடக்கலாம். போலீஸ்காரரின் கொலைகாரனும் கூடவே படுத்துக் கிடப்பான். பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நீங்களே சொல்லுங்கள்... ஒரு பெண்ணைப் பூட்டி வைத்தவர்கள் வைத்த பெயரில் அவள் விடுதலையை அச்சடித்தால், அது என்ன புத்தகம்? அது ஆறாவது மாடிக்கு இன்னொரு கதவு.

கீழே இறங்கினோம். வெளியே போகிற நேரத்தை எழுதுங்கள் என்று செக்யூரிட்டி நோட்டை என் பக்கம் தள்ளினார். இந்த முறை பூங்காவனம் முந்திக்கொண்டார். பேனாவை எடுத்தார். அந்த +1 மேல் ஒரு கோடு இழுத்தார். பக்கத்தில் எழுதத் தொடங்கினார், தமிழில். பெரிய எழுத்து. பெயர்க் கட்டத்தில் தொடங்கி, போன் நம்பர் கட்டத்தைத் தாண்டி, யாரைப் பார்க்க வந்தீர்கள் என்ற கட்டத்தையும் தாண்டி, கடைசிக் கோட்டுக்கு வெளியே போய் நின்றது.

செக்யூரிட்டி நோட்டைத் திருப்பிப் பார்த்தார். நிமிர்த்திப் பார்த்தார். 'யே க்யா லிக் தியா? கோன் படேகா இஸே?' இதை யார் படிப்பார்கள் என்று சலித்துக்கொண்டார்.

'ஸீக் லோ பையா,' என்றார் பூங்காவனம், முந்தானையை இழுத்துச் செருகியபடி. 'ஹம் ஆத்தே ரஹேங்கே.'

கத்துக்கோப்பா. நாங்க வந்துக்கினேதான் இருப்போம்.

(பெயர் மாற்றப்படவில்லை.)